எந்தப் போஸ்ட்டிலிருந்து இழுக்கிறது?

பள்ளிபாளையத்தில் குடியிருப்பவனுக்குத் தன் முகவரியை எழுதுவதே ஒரு சின்னப் பரீட்சை. மாவட்டம் நாமக்கல், 1997-க்கு முன்னால் சேலம். பின்கோடு 638-இல் தொடங்கி ஈரோட்டுக் கணக்கில் சேர்ந்துவிடும். தரைவழி போனுக்குக் கோடு 04288, அது திருச்செங்கோட்டுப் பக்கத்தோடு சேர்த்தி. காவிரிப் பாலத்தைத் தாண்டி அக்கரைக்குப் போனால் 0424. எங்கள் ஊர்ச் சேஷசாயி காகித ஆலைகூட ஈரோடு 638007 என்று போட்டுவிட்டுப் பக்கத்திலேயே நாமக்கல் மாவட்டம் என்றும் போட்டுக்கொள்ளும். தபால்காரருக்கு இதிலெல்லாம் குழப்பம் வந்ததே இல்லை. வீட்டுக்கு ஒரு இன்டர்நெட் லைன் எடுக்கலாம் என்று பெரிய கம்பெனி ஒன்றின் ஆப்பில் பின்கோடைத் தட்டினால்தான் வினை.

பச்சை டிக் விழுந்தது. உங்கள் பகுதியில் சேவை உண்டு, வாழ்த்துகள் என்றது. மறுநாள் ஒரு பையன் கூப்பிட்டான். “ண்ணா, வீடு ஆத்துக்கு இந்தப் பக்கங்களா, அந்தப் பக்கங்களா?” அவன் நிற்பது எங்கே என்று கேட்டேன். கருங்கல்பாளையம் என்றான். “அப்படின்னா அந்தப் பக்கம்” என்றேன். “அங்க உங்க தெருவுக்கு இன்னும் ஃபைபர் வரலீங்ணா. வந்தா நானே கூப்புடறேன்.” நல்ல பையன். வேறு யாராவது என்றால் அட்வான்ஸை வாங்கிப் போட்டுக்கொண்டு, ‘டீம் வந்துட்டிருக்குங்’ என்று ஒரு மாதம் ஓட்டியிருப்பார்கள்.

எங்களுக்கு நெட் என்பதே ஆரம்பத்திலிருந்து அக்கரைச் சமாச்சாரம்தான். 1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் இந்தியாவில் பொதுமக்களுக்கு இன்டர்நெட்டைத் திறந்துவிட்டபோது அது சென்னை போன்ற பெருநகரத்து விஷயம். நாங்கள் அதைப் பார்த்தது சில வருஷம் கழித்து, ஈரோட்டில், பிளைவுட் தடுப்புக்குள். பிரவுசிங் சென்டர் என்று போர்டு வைத்திருந்தார்கள். ஒரு மணி நேரத்துக்கு முப்பது ரூபாய். பத்து நிமிஷம் அதிகமானால் அரை மணிக்கு வாங்கிக்கொள்வார்கள். சைக்கிளில் பாலம் தாண்டிப் போவோம். பிளஸ் டூ ரிசல்ட் வருகிற அன்று அந்தக் கடை வாசலில் நிற்கும் கூட்டத்தில் பாதிப்பேர் பள்ளிபாளையம், குமாரபாளையத்துப் பிள்ளைகளாக இருப்பார்கள். பதிவெண்ணைச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் உள்ளே இருக்கிற அண்ணன் தட்டிப் பார்த்து மார்க்கைச் சத்தமாகச் சொல்வார். தனியுரிமை என்றெல்லாம் அப்போது யாரும் பேசவில்லை. யார் எந்தப் பாடத்தில் போனார்கள் என்பது பாலம் திரும்புவதற்குள் ஊருக்குத் தெரிந்திருக்கும்.

அப்புறம் வீட்டு போனிலேயே டயல்-அப் வந்தது. தறிப்பட்டறை வைத்திருந்த எங்கள் அப்பாவுக்கு அது பிடிக்கவே இல்லை. காரணம் செலவு மட்டுமல்ல. மோடம் கத்திக்கொண்டிருக்கிற நேரத்தில் போன் எங்கேஜ்டு. பாவு தயாரா, லோடு எப்போது வரும் என்று வெளியிலிருந்து கூப்பிடுகிறவர்களுக்கு மணிக்கணக்கில் ‘பீப் பீப்’தான். “உன்ற நெட்டுல நாலு தறி நிக்குது” என்பார். நெட்டுக்கு ஒரு கணக்கு, போன் காலுக்கு ஒரு கணக்கு என்று ரெட்டைச் செலவு வேறு. விலை மலிவா, நம்பகமா என்ற கேள்வியே அப்போது எழவில்லை. இரண்டும் இல்லை என்று தெரிந்தேதான் வைத்திருந்தோம்.

2005 ஜனவரியில் பிஎஸ்என்எல் டேட்டாஒன் வந்தபிறகுதான் போனும் நெட்டும் ஒரே கம்பியில் சண்டையில்லாமல் போயின. வேகம் 256 கேபிபிஎஸ். அரசாங்கமே 2004-இல் பிராட்பேண்ட் என்றால் அவ்வளவு இருந்தால் போதும் என்று வரையறை எழுதி வைத்திருந்தது. 2013-இல் அதை 512 ஆக்கினார்கள், 2023-இல் 2 எம்பிபிஎஸ். அந்த 256 காலத்தில் ஐந்நூறு ரூபாய்த் திட்டம் ஒன்றில் பின்னிரவு 2 மணியிலிருந்து காலை 8 வரை எவ்வளவு இறக்கினாலும் கணக்கில் வராது. பகலில் தொட்டால் பில் ஏறும். ஆகவே தமிழ்நாட்டு இளைஞர்கள் ஒரு தலைமுறையே ரெண்டு மணிக்கு அலாரம் வைத்து எழுந்தது. எங்கள் தெருவில் அலாரம் தேவைப்படவில்லை. ராத்திரி ஷிஃப்ட் தறி ஓடுகிற ஊரில் ரெண்டு மணிக்கு யாராவது விழித்திருப்பார்கள்; டீக்குப் போகிற வழியில் ஜன்னலைத் தட்டிவிட்டுப் போவார்கள்.

ஒரு சிடி அளவுள்ள படம் 700 எம்பி. 256 கேபிபிஎஸ் முழு வேகத்தில் ஓடினால் நொடிக்கு 32 கேபி. வகுத்துப் பார்த்தால் ஆறே கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. இலவசமோ ஆறு மணி நேரம். எந்தப் புண்ணியவான் அந்தக் கணக்கைப் போட்டு வைத்தாரோ, படத்தின் கடைசிக் கட்டம் எப்போதும் மறுநாளுக்கு நிற்கும்.

செம்புக் கம்பிக்கு ரெண்டு குணம் உண்டு. எக்ஸ்சேஞ்சிலிருந்து தூரம் கூடக்கூட வேகம் இறங்கும்; ஜாயின்ட்டில் ஈரம் ஏறினால் இரைச்சல் ஏறும். அதனால் லைன் எடுக்கும்போது நாங்கள் கேட்ட ஒரே கேள்வி எக்ஸ்சேஞ்ச் எவ்வளவு தூரம் என்பதுதான். இப்போது யாரும் அதைக் கேட்பதில்லை. கண்ணாடி இழைக்குப் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஒரு பொருட்டில்லை. ஆனால் தூரம் பற்றிய கேள்வி ஒழிந்துவிட்டதாக நினைப்பது தப்பு என்று எனக்குத் தோன்றுகிறது. ரிப்பேர் பார்க்கிறவன் எவ்வளவு தூரத்தில் இருக்கிறான் என்று அது உருமாறிவிட்டது.

அந்த இடத்துக்கு வர இன்னொரு காலத்தைத் தாண்ட வேண்டும். கேபிள் டிவிக்காரர்கள் நெட் கொடுத்த காலம். எங்கள் வீட்டுக்கு முன்னால் ஒரு ஈபி போஸ்ட். அதில் டிவி கேபிள், அதன்மேல் அடுத்த ஆள் கேபிள், அதற்கும் மேலே யாருடையது என்று யாருக்கும் தெரியாத ஒரு சுருள். 2011 செப்டம்பரில் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு வந்ததும் ஆபரேட்டர்களின் வரும்படி சுருங்கியது. கூடுதலாக நாலு காசு பார்க்க அவர்களுக்கு இருந்த வழிகளில் ஒன்று நெட். கம்ப்யூட்டருக்குப் போடுகிற நீல நிற லேன் வயரையே தெருவில் இழுத்தார்கள். அந்த வயர் நூறு மீட்டருக்கு மேல் போனால் சமிக்ஞை தேறாது. நடுவில் ஒரு ஸ்விட்ச் பெட்டி வேண்டும். பெட்டிக்குக் கரண்ட் வேண்டும். கரண்டுக்கு ஒரு வீடு வேண்டும்.

எங்கள் தெருவுக்கான பெட்டி மூலை வீட்டு மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் இருந்தது. கரண்ட் கொடுத்ததற்காக அந்த வீட்டுக்கு நெட் இலவசம். அந்த வீட்டம்மா குடும்பத்தோடு பழனிக்குக் கிளம்பினார். சிக்கனமான மனுஷி, மெயினை ஆஃப் செய்து பூட்டிவிட்டுப் போனார். தெரு முழுக்க நெட் இல்லை. கேபிள்காரர் பூட்டிய வீட்டுக்கு முன்னால் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. “சாமி கும்பிட்டு வரட்டுங், வந்துருவாங்க” என்றார். மொட்டை வேறு போட வேண்டுமாம். தாமதமாகத்தான் வந்தார்கள்.

மெயின் ஆஃப் ஆகாத நாட்களில் ஈபியே ஆஃப் ஆனது. 2012-ஐ இந்தப் பக்கத்துக்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். நாளுக்குப் பத்து, பன்னிரண்டு மணி நேரம் மின்வெட்டு. தறி நின்றால் கூலியில்லை என்ற கவலைக்கு முன்னால் நெட் ஒரு பேச்சே இல்லை. ஆனாலும் ஒன்று கவனித்தேன். எங்கள் வீட்டில் கரண்ட் இருக்கும்போது மூலை வீட்டில் இருக்காது. வேறு வேறு ஃபேஸ். எங்கள் நெட் ஓட வேண்டுமென்றால் எங்கள் வீடு, மூலை வீடு, அதற்கு முந்தைய பெட்டி இருக்கிற பட்டறை, கேபிள்காரரின் ஆபீஸ் என்று நாலு இடத்தில் ஒரே நேரத்தில் கரண்ட் இருந்தாக வேண்டும். அந்த வருஷத்தில் அப்படி ஒரு நேரம் அமைவது ஜாதகப் பொருத்தம் பார்ப்பது மாதிரி.

இன்றைக்கு வீட்டுக்கு வருகிற ஃபைபரின் உண்மையான சிறப்பு வேகத்தில் இல்லை, இதில்தான் இருக்கிறது என்பேன். ஆபரேட்டர் ஆபீஸில் இருக்கிற இயந்திரத்திலிருந்து கிளம்புகிற ஒளி, வழியில் ஸ்ப்ளிட்டர் என்ற சின்ன டப்பாவில் 32 வீடுகளுக்கோ 64 வீடுகளுக்கோ பிரிகிறது. அந்த டப்பாவுக்குக் கரண்டே வேண்டாம். வெறும் கண்ணாடி வேலை. அந்த முனையில் பேட்டரி, இந்த முனையில் நம் வீட்டு இன்வெர்ட்டர், இரண்டும் இருந்தால் தெருவே இருட்டானாலும் நெட் ஓடும். இன்வெர்ட்டர் இல்லாதவர்களுக்கு ரூட்டருக்கென்றே 12 வோல்ட் குட்டி யூபிஎஸ் கடைகளில் கிடைக்கிறது. மேல் வேகத் திட்டத்துக்கு மாதாமாதம் இருநூறு முந்நூறு கூடக் கட்டுவதை விட, ஒருமுறை செலவழித்து இதை வாங்கி வைப்பது மேல்.

இழை அறுந்தால் மட்டும் எந்த பேட்டரியும் உதவாது. அப்போது வீட்டுப் பெட்டியில் சிவப்பு விளக்கு எரியும். “ரெட் லைட் எரியுதுங்” என்பது இப்போது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த புகார். உலக அளவிலும் இப்படி அறுந்ததுண்டு. 2008 ஜனவரி 30 அன்று எகிப்தின் அலெக்சாண்ட்ரியா பக்கம் கடலடிக் கேபிள்கள் அறுந்து, இந்தியாவிலிருந்து மேற்கே போகும் போக்குவரத்தில் பெரும்பகுதி தடுமாறியது. எங்கள் பக்கத்திலிருந்து பெட்ஷீட் அனுப்புகிறவர்கள் வெளிநாட்டு ஈமெயிலுக்கு வாய் பார்த்துக் காத்திருந்தார்கள். உலகச் செய்தி அது. எங்களுக்கு வழக்கமாக நெட்டை அறுப்பது ஓடப்பள்ளி பொன்னி சர்க்கரை ஆலைக்குப் போகிற கரும்பு லோடு. லாரியைத் தாண்டிப் பக்கவாட்டிலும் உச்சியிலும் பிதுங்கி நிற்கிற கரும்பு, தாழ்வாகத் தொங்குகிற இழையைக் கொக்கி போட்டதுபோல் இழுத்துக்கொண்டு போகும். அரவைக் காலத்தில் இது சகஜம். எங்கள் ஊர் மேம்பாலத்துக்காகத் தோண்டிய நாட்களில் மண்ணுக்கடியில் இருந்ததும் தப்பவில்லை. இந்த இரண்டையும் எந்தக் கம்பெனியின் விளம்பரத் தாளும் சொல்லாது. 99 சதவீதம் என்று போட்டிருப்பார்கள். மீதி ஒன்று எந்த மாதத்தில் வரும் என்று சர்க்கரை ஆலையைத்தான் கேட்க வேண்டும்.

2016 செப்டம்பர் 5-இல் ஜியோ வந்ததும் கம்பியே வேண்டாம் என்றாகிவிட்டது. முதலில் டிசம்பர் வரை, பிறகு மார்ச் வரை இலவசம். தெருவில் பலபேர் லைனை வெட்டினார்கள், நானும்தான். தறி ஓட்டுகிறவர்கள் கையில் முதன்முறையாகத் தாராளமாக நெட் வந்தது அப்போதுதான் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஈரோட்டுப் பிளைவுட் தடுப்பு, ரெண்டு மணி அலாரம் எதுவும் தெரியாமலே அவர்கள் நேராக வீடியோவுக்கு வந்தார்கள்.

2020 மார்ச்சில் ஊர் மூடியது. ஜூன் ஜூலையில் ஆன்லைன் வகுப்பு. ஒரு நாளைக்கு 1.5 ஜிபி. ரெண்டு பிள்ளைகள் இருக்கிற வீட்டில் ஒரு போன், அதில் காலையில் ஒன்பதாம் வகுப்பு, பதினொன்றுக்கு ஆறாம் வகுப்பு. மதியத்துக்குள் டேட்டா தீர்ந்துவிடும். எல்லோரும் ஒரே டவரைப் பிடித்து இழுத்ததில் படம் உறைந்து நிற்கும். பிள்ளைகள் சிக்னல் தேடி மொட்டை மாடிக்குப் போவார்கள். வெட்டிய லைன்களை மறுபடி கேட்டுக் கேபிள்காரர் வீட்டு வாசலில் நின்றது அந்த வருஷம்தான். செப்டம்பரில் ஜியோ ஃபைபர் 399 ரூபாய்க்கு 30 எம்பிபிஎஸ் கொடுக்க ஆரம்பித்தது. ஏர்டெல் 499-க்கு 40 என்றது. பிஎஸ்என்எல் 449-க்கு 30. அவற்றுக்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு என்பதைச் சின்ன எழுத்தில் போடுவார்கள். 399 என்பது கையை விட்டுப் போகும்போது 471. அதற்கு ஒரு வருஷம் முன்பு 100 எம்பிபிஎஸ்ஸுக்கு ஜியோ வைத்த ஆரம்ப விலையே 699. போட்டி வந்தால் விலை எப்படி இறங்குகிறது பாருங்கள். ஆனால் அந்தப் போட்டி எங்கள் தெருவுக்குள் நுழைய வேண்டுமே.

அங்கேதான் நிற்கிறேன் இப்போது. மகள் பெங்களூர் கம்பெனி வேலையை இங்கிருந்தே பார்க்கிறாள். அமெரிக்காக்காரர்களுக்கு விடியும் நேரத்தில் அவளுக்கு மீட்டிங். மூன்று திட்டங்களின் தாள்களைப் பரப்பி வைத்திருந்தாள், 100, 150, 300 எம்பிபிஎஸ் என்று. வீட்டில் நாலு பேர். நல்ல தெளிவான வீடியோ ஒன்றுக்கு 5 எம்பிபிஎஸ் போதும். நாலு பேரும் ஒரே நேரத்தில் ஆளுக்கொன்று பார்த்தாலும் 20-ஐத் தாண்டாது. முப்பது, நாற்பதே தாராளம். மீட்டிங்குக்கு இறங்குகிற வேகத்தைவிட ஏறுகிற வேகம் முக்கியம். அதைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். 300 வாங்கினாலும் பின்கட்டில் பழைய தறிப்பட்டறைச் சுவருக்கு அந்தப் புறம் அவள் உட்கார்கிற அறைக்கு அது போய்ச் சேராது. ரூட்டரின் 5 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு வேகம் உண்டு, சுவரைத் தாண்டும் தெம்பு இல்லை. 2.4-க்குத் தெம்பு உண்டு, வேகம் குறைவு. நடுவில் நிற்கிற இரும்புத் தறிகள் வேறு. பெட்டியை முன்னறையில் டிவிக்கு மேலே மாட்டுகிற வழக்கத்தை விட்டு அந்த அறைக்கே வயரை இழுக்கச் சொன்னால் பாதிப் பிரச்சினை தீரும்.

உள்ளூரில் நெட் கொடுக்கிற தம்பி வந்தது ஒரு சாயங்காலம். இவர் முன்னாளில் பட்டறை பட்டறையாகப் போய்ப் பாவு பிணைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவர். இப்போது ஸ்ப்ளைசிங் மெஷினை வைத்து முடியளவு கண்ணாடி இழையைச் சேர்க்கிறார். எனக்கு அவர் கைமேல் ஒரு நம்பிக்கை. வந்தவர் திட்டம் பற்றி எதுவும் பேசவில்லை. வாசலில் நின்று அண்ணாந்து பார்த்து, “எந்தப் போஸ்ட்டுல இருந்துங்க இழுக்கறது? இந்தப் போஸ்ட்டுன்னா ரோட்டைத் தாண்டோணும், லோடு வண்டி மாட்டும். சந்துப் பக்கமா வந்தா அறுபது மீட்டர் கூட ஆகும், ஆனா ஒண்ணும் அறுக்காது” என்றார். மூன்று தாள்களில் ஒன்றில்கூட இல்லாத சங்கதி. சந்துப் பக்கம் என்றேன்.

ரேட்டைக் கேட்டேன். கம்பெனி விலையைவிட ஐம்பது ரூபாய் அதிகம். அப்படியும் ஏன் இவரிடம் இத்தனை பேர் எடுக்கிறார்கள் என்பது யோசித்தபோதுதான் புரிந்தது. எங்கள் தெருவில் பாதி வீடு வாரக்கூலி. மாதத்தில் ஒரு தேதியில் மொத்தமாக 471 எடுத்து வைப்பது அவர்களுக்குச் சுலபமில்லை. கம்பெனி லைன் கெடு முடிந்த இரவே நின்றுவிடும். அதற்கு முகம் தெரியாது. இவர் சனிக்கிழமை வரை பொறுப்பார். இருநூறை இப்போது வாங்கிக்கொண்டு மீதியை அடுத்த வாரம் வாங்குவார். ஐம்பது ரூபாய் அதிகம் கொடுத்தாலும் அவர்களுக்குக் கட்டுப்படியாவது இதுதான். விலைப் பட்டியலை ஒப்பிட்டு மலிவைக் கண்டுபிடிக்கிற ஆப்புகளுக்கு இந்தக் கணக்கு பிடிபடாது.

இவரிடமும் குறை இல்லாமல் இல்லை. ராத்திரி ஒன்பது மணிக்குத் தெருவே சீரியலும் மேட்சும் பார்க்கிறபோது எல்லோருக்குமாக இவர் மேலே வாங்கி வைத்திருக்கிற அளவு போதுமா என்று சந்தேகம். அதனால் எதிர்வீட்டு அக்காவின் தம்பி வீட்டில், இவர் லைன் ஓடுகிற இடத்தில், ஒன்பதரைக்குப் போய் உட்கார்ந்து வேகம் பார்த்தேன். 40-க்கு 31 காட்டியது. காலை பதினோரு மணிக்குப் பார்த்திருந்தால் 40 காட்டியிருக்கும், அதில் பிரயோஜனமில்லை. எங்கள் வீட்டுக்கு லைன் வந்ததும் மீட்டரை மாட்டச் சொல்லி ஒளியின் அளவைப் பார்த்தோம். மைனஸ் 20-ஐ ஒட்டி இருந்தால் நல்லது. மைனஸ் 27-ஐத் தாண்டினால் எப்போது வேண்டுமானாலும் தள்ளாடும். மைனஸ் 21 இருந்தது. மகள் அதைத் தாள் ஓரத்தில் குறித்துக்கொண்டாள். நாளைக்கு வேகம் குறைந்தால் அந்த எண்ணைச் சொல்லிக் கேட்கலாம். “ரூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க” என்ற பதிலோடு முடித்துவிட முடியாது.

“ஆறு மாசத்துக்கு மொத்தமாக் கட்டுனா ஒரு மாசம் ஃப்ரீங்” என்றார் தம்பி. மாதாமாதமே கட்டுகிறேன் என்றேன். ஃப்ரீ மாதத்தை வேண்டாம் என்கிற ஆளை அவர் பார்த்திருக்க மாட்டார் போல. மொத்தமாகக் கட்டிவிட்டால் கரும்பு லாரி அறுத்த அன்று எங்கள் வீடு வரிசையில் கடைசிக்குப் போய்விடும் என்பது என் கணிப்பு. அதை அவரிடம் சொல்லவில்லை. அவசரத்துக்கு மகளின் போனில் ஒரு ரீசார்ஜ் எப்போதும் இருக்கட்டும் என்று வைத்தோம். ரெட் லைட் எரிகிற நாளில் மீட்டிங் அதில் ஓடும்.

சந்துப் பக்கமாக இழை இழுத்துக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டு அக்கா வந்து நின்றார். பையன் காலேஜ் சேர்கிறான், அவர்களுக்கும் வேண்டுமாம். “மாசம் எத்தனைங்க?” என்றார். சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “சனிக்கிழமை சனிக்கிழமையாக் குடுத்தா ஒத்துக்குவாங்களா?” என்று கேட்டார். ஏணியைக் காட்டி, “ஆளு மேலதான் இருக்கறாரு, இறங்குனதும் கேளுங்கக்கா” என்றேன்.